சோறு எங்கிருந்து வந்தது? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சோழர் பாடத்தைச் சொல்லித்தர ஒரு கேள்வி போதும்!

வீட்டுப் பாடம் - வாரத் தொடர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தி.நகரில் ஓர் அபார்ட்மென்ட். மறுநாள் சமூக அறிவியல் டெஸ்ட். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறாள்.

``சோழப் பேரரசின் வெற்றிக்கான காரணங்கள். ஒன்று, வலிமையான படை. இரண்டு, கடற்படை. மூன்று, சிறந்த நிர்வாகம். நான்கு... நான்கு... அம்மா, நாலாவது என்ன?''

மயிலாப்பூரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பேப்பரை மடித்து வைக்கிறார். ``படையில எத்தனை பேர் இருந்திருப்பாங்க கண்ணு?''

``நிறைய பேர் தாத்தா. ஆயிரக்கணக்குல!''

``அத்தனை பேருக்கும் தினமும் சோறு போட்டது யாரு?''

அவள் புத்தகத்தைப் புரட்டுகிறாள். அந்தக் கேள்வி அதில் இல்லை.

பரீட்சை நேரத்தில் எந்த வீட்டிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. காரணங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு நான்காவது பாயின்ட் மறந்துபோகும். `எப்படி?' என்று கேட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, மறந்தாலும் யோசித்து எழுதிவிடும். தாத்தா கேட்ட அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், சோழர் பாடம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. சென்னைப் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபம். ஏனென்றால், பாடத்தின் முதல் பக்கம் சமையலறைக் குழாயில் இருக்கிறது.

குழாயைத் திறந்தால் பராந்தகன்

கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவில் பக்கம் இருக்கிறது வீராணம் ஏரி. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று வீரநாராயணன். வீரநாராயணன் ஏரிதான் பேச்சுவழக்கில் சுருங்கி வீராணம் ஆனது. `பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்த ஏரி புதிதல்ல. ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அந்தக் கரைதான்.

சென்னை தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்த காலத்தில், புதிய வீராணம் திட்டம் 2004-ல் நடைமுறைக்கு வந்தது. 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் திட்டம் அது. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம், கடல்நீர்ச் சுத்திகரிப்பு என்று பல இடத்துத் தண்ணீரும் கலந்துதான் நகரத்துக்கு வருகிறது. ஆனாலும், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நெல்லுக்காக வெட்டிய ஏரி, இன்றைக்குச் சென்னையின் தாகத்தையும் தணிக்கிறது.

பிள்ளையிடம் போனைக் கொடுங்கள். மேப்பில் வீராணம் ஏரியைத் தேடச் சொல்லுங்கள். வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஏரி, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வடவாறு, அது பிரியும் கொள்ளிடம், கொள்ளிடத்துக்கு மூலமான காவிரி... விரலால் கோடு இழுத்துக்கொண்டே போகட்டும். பிறகு கேளுங்கள்: ``மழை பெய்யற மூணு மாசம் தவிர, மத்த நாள்ல வயலுக்குத் தண்ணி எப்படி வரும்?''

ஏரி இருந்தால் வரும். தண்ணீர் வந்தால் நெல் விளையும். சாப்பிட்டதுபோக நெல் மிஞ்சும். மிச்சம்தான் வரி. வரியிலிருந்துதான் படைக்குச் சோறு. இப்போது, மறந்துபோன அந்த நாலாவது பாயின்ட் உண்மையில் முதல் பாயின்ட் என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

அளந்தார்கள், எழுதினார்கள்

நெல் மிஞ்சினால் மட்டும் போதாது. யாரிடம் எவ்வளவு நிலம், அது எவ்வளவு விளையும் என்று தெரிந்தால்தானே வரி வாங்க முடியும்? முதலாம் ராஜராஜன் காலத்தில், கி.பி. 1000-ஆம் ஆண்டையொட்டி பெரிய அளவில் நிலம் அளக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் 1086-ல் மறுபடியும் அளந்தான். அதே 1086-ல்தான் இங்கிலாந்தில் வில்லியம் மன்னன், `டூம்ஸ்டே புத்தகம்' என்று இன்றும் பேசப்படும் கணக்கெடுப்பை நடத்தினான்.

இங்கே கணக்குப் பாடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வேலியில் இருபதில் ஒரு பங்கு, ஒரு மா. எண்பதில் ஒரு பங்கு, ஒரு காணி. 320-ல் ஒரு பங்கு, முந்திரி. இதற்குக் கீழேயும் பின்னங்கள் உண்டு. `பின்னம் எதுக்குப்பா படிக்கணும்?' என்று கேட்கும் பிள்ளைக்கு, ஒரு பேரரசே பின்னத்தின்மேல் நடந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொரு கணக்கு, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்றால், சோழர் கல்வெட்டுகளில் வழக்கமாக வரும் எண் 96 ஆடுகள். ஆடு மேய்ப்பவர் அவற்றை வைத்துக்கொண்டு தினமும் ஓர் உழக்கு நெய் தர வேண்டும். அந்த ஆடுகளைச் `சாவா மூவா' ஆடுகள் என்பார்கள். சாகவும் சாகாது, கிழடும் ஆகாது!

``அது எப்படிம்மா முடியும்?''

விடையை உடனே சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் யோசிக்கட்டும். ஆடு சாகத்தான் செய்யும். ஆனால், குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். எத்தனை செத்தாலும் பிறந்தாலும் மேய்ப்பவர் கணக்கில் 96 குறையக் கூடாது. இன்றைக்கு நாம் வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டுவிட்டு வட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறோமே, அதே யோசனை. முதல் அப்படியே இருக்கும், நெய் வட்டியாக வந்துகொண்டிருக்கும்.

நிஜமான வட்டியும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது எட்டில் ஒரு பங்கு, பன்னிரண்டரை சதவிகிதம். கோயில் என்றால் சாமி கும்பிடும் இடம் என்று மட்டும் நினைத்திருந்த பிள்ளைக்கு, அது வங்கியாகவும் களஞ்சியமாகவும் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை தந்த இடமாகவும் இருந்தது புரியும்.

இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? கல்லில் வெட்டி வைத்தார்கள். 1010-ல் நிறைவடைந்த பெரிய கோயிலில், தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, அரசிகளும் மற்றவர்களும் கொடுத்தது என்று எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொன்னான் ராஜராஜன். கோயில் பணிக்கு அழைத்து வரப்பட்ட 400 பெண்களின் பெயரும், யாருக்கு எந்த வீடு என்பதும்கூட அதில் இருக்கிறது.

காலப்போக்கில் அந்த எழுத்தைப் படிக்க ஆள் இல்லாமல் போனது. கோயிலைக் கட்டியது யார் என்பதே மறந்து, கதைகள்தான் உலவின. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ஷ் போன்ற கல்வெட்டு அறிஞர்கள் படித்துச் சொன்ன பிறகுதான் ராஜராஜன் பெயர் மறுபடி வெளியே வந்தது. அந்தக் கல்வெட்டுகளை அடிப்படையாக வைத்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி எழுதிய `சோழர்கள்', 1935-லும் 1937-லும் இரண்டு பாகங்களாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் நாலு பக்கத்துக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

பானையும் சீட்டும்: இரண்டு ரவுண்ட் விளையாட்டு

சோழர் பாடத்தில் எல்லோருக்கும் பிடித்த பகுதி குடவோலை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அதன் விதிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். போக முடியாதவர்கள் வீட்டிலோ வகுப்பிலோ விளையாடலாம். ஒரு சொம்பும் கொஞ்சம் துண்டுச் சீட்டும் போதும்.

முதல் ரவுண்டில் எல்லோர் பெயரையும் எழுதிப் போடுங்கள். காலிச் சொம்பை முதலில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். சீட்டை எடுப்பது, விவரம் அறியாத சின்னப் பிள்ளையாக இருக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். எதற்காம்? விரலிடுக்கில் வேறு சீட்டை ஒளித்து வைத்திருக்கக் கூடாதே! இவையெல்லாம் உண்மையில் கல்வெட்டில் உள்ள விதிகள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கள்ள ஓட்டுக்குப் பயந்திருக்கிறார்கள் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இன்னொரு விதி இன்னும் சுவாரஸ்யம். முன்பு பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய பெரியம்மா பிள்ளை, சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமா பிள்ளை என்று சொந்தக்காரர்கள் யாரும் நிற்க முடியாது. அபார்ட்மென்ட் அசோசியேஷனில் இப்படி ஒரு விதி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தப் பேச்சுதான் ஓடும்.

இந்த விதிகளை முதலில் 919-ல் எழுதினார்கள். இரண்டே வருஷத்தில், 921-ல் திருத்தி மறுபடி எழுதினார்கள். போட்ட விதி சரியாக வேலை செய்யாதபோது உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். பேரரசு நின்றதற்கான காரணங்களில் இதையும் எழுதலாம்.

முதல் ரவுண்ட் முடிந்தால் எல்லோரும் குஷியாக இருப்பார்கள். பல வகுப்புகளில் பாடம் இங்கேயே முடிந்துவிடுகிறது. `உலகுக்கே ஜனநாயகம் சொல்லித்தந்தோம்' என்று கைதட்டல். ஆனால், இரண்டாவது ரவுண்ட் இருக்கிறது.

இதற்குச் சில அட்டைகள் தயார் செய்யுங்கள். நிலம் உள்ள வேதம் படித்த 40 வயது ஆண், குத்தகைக்கு உழுபவர், குயவர், ஆடு மேய்ப்பவர், எண்ணெய் ஆட்டுபவர், வியாபாரி, கோயிலில் ஆடும் பெண், வயலில் கூலி வேலை செய்பவர். ஆளுக்கோர் அட்டை. பிறகு கல்வெட்டின் தகுதிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். `கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும்.' இல்லாதவர்கள் உட்காருங்கள். `சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும்.' `வயது 35-க்கு மேல், 70-க்குள்.' `வேதம் அறிந்திருக்க வேண்டும்.' கடைசியில் நிற்பது ஓர் அட்டைதான்.

ஏனென்றால், அது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர். அந்தச் சபை அவர்களுடையது. மற்ற விவசாய ஊர்களில் `ஊர்' என்ற அவையும், வணிகர்களுக்கு `நகரம்' என்ற அவையும் தனித்தனியாக இருந்தன. அங்கேயும் நிலமும் செல்வமும் உள்ளவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. பெண்கள் கோயில்களுக்கு வாரிக் கொடுத்திருக்கிறார்கள், சொத்து வைத்திருந்திருக்கிறார்கள். உத்திரமேரூர்ப் பானையில் மட்டும் அவர்கள் பெயருக்கு இடம் இல்லை. தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே `தீண்டாச்சேரி' என்ற சொல்லும் இருக்கிறது. நெல்லை விளைவித்தவர்களில் பலருக்கு, அந்த நெல்லை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில் வேலையே இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இதை விளையாடும்போது பிள்ளைகளின் சொந்தச் சாதியையோ, வீடு சொந்தமா வாடகையா என்பதையோ தவறிக்கூடக் கேட்க வேண்டாம். அட்டை போதும். அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைக்கே, `இது நியாயமில்லையே' என்று தோன்றும். அந்த வயதுக்கு அதுவே பெரிய பாடம்.

குடவோலையைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல இது. அன்றைய உலகில் அது வியக்கத்தக்க ஏற்பாடுதான். ஆனால், இன்றைக்கு 18 வயதான எல்லோருக்கும் ஒரே மதிப்புள்ள ஓட்டு இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த இரண்டாவது ரவுண்ட் விளையாடினால்தான் புரியும்.

அஞ்சறைப்பெட்டியில் கடல்

அடுத்தது கடற்படை. இதற்குச் சமையலறைக்கும் பூஜை அலமாரிக்கும் போக வேண்டும். மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், கற்பூரம் நான்கையும் மேஜைமேல் வையுங்கள். மிளகு நம் மேற்குக் கரையில் விளைவது. கிராம்பும் ஜாதிக்காயும் அன்றைக்கு இந்தோனேசியத் தீவுகளிலிருந்துதான் வந்தாக வேண்டும். நல்ல கற்பூரத்துக்குச் சுமத்ரா. தி.நகர் கடைத்தெருவில் மின்னுகிற பட்டுக்கு, அன்றைக்குச் சீனா. இப்போது உலக வரைபடத்தை விரியுங்கள். சீனாவுக்கும் அரபு நாடுகளுக்கும் நடுவில் கப்பல் போக வேண்டுமென்றால், எந்தக் கரையைத் தாண்டிப் போக வேண்டும்?

சோழர்கள் சீனாவுக்குத் தூதுக் குழுக்களை அனுப்பினார்கள். ராஜராஜன் காலத்தில் கிளம்பிய குழு 1015-ல் போய்ச் சேர்ந்தது. 1077-ல் 72 பேர் கொண்ட குழு போனது. நடுவில், 1025-ல் ராஜேந்திரனின் கப்பல்கள் ஸ்ரீவிஜய நாட்டின் துறைமுகங்களைத் தாக்கின. கடாரம் கொண்டான் என்ற பெயர் அப்படி வந்ததுதான். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா.

ஏன் போனான்? வணிகப் பாதையில் இருந்த தடையை உடைக்க என்கிறார்கள் சிலர். புகழுக்கும் கொள்ளைப் பொருளுக்கும் என்கிறார்கள் சிலர். இரண்டில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுத்து, `ஏன்' என்று இரண்டு வரி எழுதட்டும். வரலாற்றுப் பாடத்தில் சரி, தப்பு மட்டும் இல்லை, வாதமும் உண்டு என்று தெரிந்துகொள்ள நல்ல இடம் இது. படை திரும்பி வந்த பிறகும் வணிகர்கள் அங்கே இருந்தார்கள். சுமத்ராவின் பாருஸில் `ஐநூற்றுவர்' என்ற வணிகர் குழு 1088-ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

ஒரு கேள்வியை மட்டும் தவறவிட வேண்டாம். ``இலங்கையில ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பொண்ணு இந்தப் பாடத்தை எப்படிப் படிப்பா?'' சோழர் படையெடுப்பில் அனுராதபுரம் தலைநகர் என்ற இடத்தை இழந்தது. 1017-ல் மன்னன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டு, சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கேயே இறந்தான். விகாரைகள் சூறையாடப்பட்டதை அந்த நாட்டு நூல்கள் வருத்தத்தோடு சொல்கின்றன. நமக்கு வெற்றி என்று இருக்கும் பக்கம், அந்தப் பெண்ணின் புத்தகத்தில் வேறு தலைப்பில் இருக்கும். இதைச் சொன்னால் பிள்ளைக்குச் சோழர்மேல் உள்ள பெருமை குறைந்துவிடாது. பெருமைப்படத் தெரிந்தவர்களுக்கு அடுத்தவர் வலியும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஏன் விழுந்தது?

விஜயாலயன் ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சையைப் பிடித்ததிலிருந்து, 1279-ல் மூன்றாம் ராஜேந்திரனோடு முடியும்வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல். அவ்வளவு நாள் நின்றது ஏன் சரிந்தது என்று கேட்டால், முன்னே சொன்ன காரணங்களே திரும்பி வருகின்றன. உள்ளூர்க்காரர்களிடம் அதிகாரம் இருந்தது பலம். பின்னாளில் அதே உள்ளூர்த் தலைவர்கள் பெரிய ஆளாகி, சோழனையே மதிக்காமல் போனது பலவீனம். தெற்கே பாண்டியர்கள் எழுந்தபோது தாங்கிப் பிடிக்க ஆளில்லை. `எது பலமோ அதுவே பலவீனமாகுமா?' என்ற கேள்வியைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். கிரிக்கெட் டீம் உதாரணத்தோடு பதில் வரும்!

லீவு நாளில் எங்கே போகலாம்?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடம். திருவாலங்காடு நடராஜரும் திருவெண்காடு அர்த்தநாரீஸ்வரரும் அங்கேதான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். அடையாறு பக்கம் இருப்பவர்களுக்குத் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலும், வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயிலும் கிட்டவே இருக்கின்றன. இரண்டிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. சுவரில் ஓர் எழுத்தையாவது அடையாளம் கண்டுபிடித்தால் அன்றைக்குக் குல்ஃபி என்று பந்தயம் கட்டலாம். தொட்டுத் தேய்க்கக் கூடாது, சாக்பீஸ் பூசக் கூடாது என்பதை மட்டும் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

மார்க் போயிடுமே?

நியாயமான பயம்தான். டெஸ்ட்டில் பாயின்ட்டாகத்தான் எழுத வேண்டும். எழுதட்டும். ஆனால், ஒரு பாயின்ட்டுக்கும் அடுத்த பாயின்ட்டுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி மனதில் இருக்கட்டும். ஏரி, நெல், கணக்கு, வரி, படையும் கோயிலும், வணிகம். `ஆகவே' என்ற ஒரே சொல்லால் இவற்றைக் கோத்துவிட முடிந்தால், மனப்பாடமே வேண்டாம். ஒன்று மறந்தாலும் முன்னால் உள்ளது கையைப் பிடித்து இழுத்து வந்துவிடும்.

தி.நகர் வீட்டில் இரவு ஒன்பது மணி. மகள் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிட உட்காருகிறாள். தட்டில் சோறு. தாத்தா டம்ளரில் தண்ணீர் ஊற்றி நகர்த்துகிறார்.

``தாத்தா, அந்த ஆடு மேய்க்கிறவருக்கு நெய் கொடுத்தது போக ஏதாவது மிஞ்சுமா?''

தாத்தா ஒரு நிமிடம் யோசிக்கிறார். ``தெரியலையே கண்ணு. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?''

அம்மா பேப்பரும் பென்சிலும் எடுத்து வருகிறார். நாளைய டெஸ்ட்டில் இந்தக் கேள்வி வராது. பரவாயில்லை.